எனக்கு நானே ஊசி குத்திக்கணுமா? வீட்டில் இன்சுலின் போடப் பயப்படுகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

திண்டுக்கல் பக்கம் ஒரு சுகர் கிளினிக்கில் பதினெட்டு வருடம் நர்ஸாக இருந்தேன். "இன்சுலின் ஆரம்பிக்கணும்" என்று எழுதிய சீட்டோடு டாக்டர் அறையிலிருந்து வெளியே வருகிறவர்களை உட்காரவைத்து, இன்சுலின் பேனா (மருந்தை உள்ளே வைத்து, முனையில் ஊசி மாட்டிப் போடும் பேனா மாதிரியான கருவி) பிடிக்கக் கற்றுக்கொடுப்பது என் வேலை. இப்போது வேலையில் இல்லை. ஆனாலும் தெருக்காரர்கள், சொந்தக்காரர்கள், அவர்களுடைய சம்பந்திகள் என்று யாராவது போன் போட்டு அதே சந்தேகங்களைக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அதனால் எழுதி வைத்துவிட்டேன். கேள்விகளை அவரவர் கேட்ட மாதிரியே போட்டிருக்கிறேன். எத்தனை யூனிட், எந்த வேளை என்பதெல்லாம் உங்கள் டாக்டர் சொல்வதுதான். அதில் நான் தலையிடவில்லை.

சிஸ்டர், ரொம்ப வலிக்குமா?

நீங்கள் மனதில் வைத்திருப்பது சின்ன வயதில் காய்ச்சலுக்கு இடுப்பில் போட்ட ஊசி. அது சதைக்குள் போகவேண்டிய ஊசி. நீளம், தடிமன் இரண்டுமே வேறு. அந்த வகை ஊசி 0.6 மி.மீ.க்கு மேல் தடிமன் இருக்கும். இன்சுலின் பேனாவில் மாட்டும் 32 கேஜ் (கேஜ் என்பது ஊசியின் தடிமனைக் குறிக்கும் எண்) ஊசி சுமார் 0.23 மி.மீ. நீளம் வெறும் 4 மி.மீ. ஒரு நெல்மணியின் நீளம்கூட இல்லை. தோலின் தடிமன் குண்டானவருக்கும் ஒல்லியானவருக்கும் ஏறக்குறைய 2 மி.மீ.தான். அதைத் தாண்டி அடியிலுள்ள கொழுப்பில் மருந்து விழுந்தால் போதும்.

வலிக்கவே வலிக்காது என்று நான் சொல்வதில்லை. பத்தில் ஒன்றிரண்டு சுருக்கென்று இருக்கும். விரலில் குத்தி சுகர் பார்ப்பதுதான் இதைவிட வலி என்று போட்டுப் பழகியவர்கள் எல்லாரும் சொல்வார்கள்.

இன்சுலின்னாலே கடைசி ஸ்டேஜ்தானே? ஆரம்பிச்சா நிறுத்தவே முடியாதாமே?

ஊசிப் பயம் என்று வந்து உட்காருகிறவர்களில் பல பேருக்கு உண்மையான பயம் இதுதான். "எங்க பெரியப்பாவுக்கு இன்சுலின் போட்டாங்க, ஆறு மாசத்துல கால எடுத்துட்டாங்க" என்பார்கள். பெரியப்பாவுக்குக் கால் போனது, பத்து வருடம் சுகரைக் கவனிக்காமல் விட்டதால். இன்சுலின் கடைசியில் வந்ததால் பழி அதன்மேல் விழுந்துவிட்டது.

டொராண்டோவில் 1922 ஜனவரியில் முதன்முதலாக இன்சுலின் போட்டுக்கொண்ட லியோனார்ட் தாம்ப்சனுக்கு வயது 14. எலும்பும் தோலுமாகக் கிடந்த பையன். அதற்கு முன்பு டைப் 1, அதாவது உடம்பில் இன்சுலின் சுரப்பதே ஏறக்குறைய நின்றுபோகும் வகை சுகர், வந்த குழந்தைகளுக்குச் சாவைத் தவிர வழியில்லை. ஆக, இது பிழைக்கவைக்க வந்த மருந்து. நிறுத்த முடியுமா என்றால், ஆளைப் பொறுத்தது. டைப் 1 என்றால் எப்போதும் வேண்டும். கர்ப்பகால சுகருக்குப் பெரும்பாலும் பிரசவத்தோடு நின்றுவிடும். பெரியவர்களுக்குப் பரவலாக வரும் டைப் 2-வில் ஆபரேஷன், தொற்று போன்ற சமயத்துக்கு மட்டும் போட்டு மாத்திரைக்குத் திரும்பியவர்களும் உண்டு, தொடர்கிறவர்களும் உண்டு. போதை மாதிரி பழகிவிடும் சமாசாரம் எதுவும் இதில் இல்லை.

நீங்க நர்ஸு, உங்களுக்குப் பழக்கம். எனக்கு நானே குத்திக்கிறதுன்னா கை வரமாட்டேங்குதே?

எனக்கும் வரவில்லை. இரண்டாவது பிரசவத்துக்கு முன் எனக்கே சுகர் ஏறி, இன்சுலின் போடச் சொல்லிவிட்டார்கள். ஆயிரக்கணக்கான பேருக்குப் போட்ட கை, என் வயிற்றுக்கு ஒரு விரல்கடை முன்னால் வந்து நின்றுவிட்டது. சமையலறை ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறேன்; குக்கர் மூன்று விசில் அடித்து அடங்கிவிட்டது; பேனா இன்னும் அந்தரத்தில். கடைசியில் மாமியார் வந்து, "என்னம்மா, இட்லி ஆறுது" என்றார். அந்த அவசரத்தில் குத்தினேன். குத்தியது தெரியவேயில்லை. அதற்கு முந்தைய அரைமணி நேரம்தான் உயிரை எடுத்தது.

அன்றிலிருந்து நான் கற்றுக்கொடுக்கும் முறையே மாறிவிட்டது. காத்திருக்கும் நேரத்தைக் குறைப்பதுதான் வேலை. முதல் நாள் பேனாவைக் கையில் வைத்துத் திறந்து மூடுங்கள், போதும். ஊசியை மாட்டிக் கழற்றுங்கள். பிறகு ஒரு ஆரஞ்சிலோ தலையணையிலோ பத்துத் தடவை குத்திப் பாருங்கள். அதன்பிறகு நர்ஸ் பக்கத்தில் இருக்கும்போது உங்கள் கையால் ஒன்று. இதற்கெல்லாம் இரண்டு நாள் போதும். ஆனால் டாக்டர் சொன்ன டோஸைத் தள்ளிப்போடாதீர்கள், அதுவரை வேறு யாராவது போட்டுவிடட்டும்.

குத்தும்போது ஒரே அசைவு. மெதுவாக அழுத்தி அழுத்தி உள்ளே விட்டால்தான் வலி அதிகம். ஊசி முனையைத் தோலில் லேசாகத் தொட்டுப் பாருங்கள். சுருக்கென்றால் அரை அங்குலம் தள்ளி வையுங்கள், அங்கே ஒன்றும் தெரியாது. பின் மூச்சை வெளியே விடும்போது குத்துங்கள். "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று எண்ணினால் மூன்றில் குத்தியாக வேண்டும். நான்கு, ஐந்து என்று போனால் பேனாவைக் கீழே வைத்துவிட்டுத் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பியுங்கள்.

எனக்குப் பயம்கூட இல்ல. ஊசியப் பார்த்தாலே கண்ணு இருட்டிக்கிட்டு வருது. இது வேற வியாதியா?

வியாதி இல்லை, ஆனால் சாதாரணப் பயமும் இல்லை. நாயைக் கண்டு பயந்தால் நெஞ்சு படபடக்கும், ரத்த அழுத்தம் ஏறும், பொதுவாக யாரும் மயங்கி விழமாட்டார்கள். ரத்தம், ஊசி விஷயத்தில் மட்டும் சிலருக்கு முதலில் ஏறி, பிறகு அழுத்தம் சடாரென்று இறங்கிவிடும். அதனால்தான் மயக்கம். மீசை முறுக்கிய போலீஸ்காரர் ஒருவர் என் மேஜைமேலேயே சரிந்திருக்கிறார். தைரியத்துக்கும் இதற்கும் சம்பந்தம் கிடையாது.

இதற்கு "உடம்பைத் தளர்த்திக்கோ" என்று சொல்வது தப்பு. தளர்த்தினால் அழுத்தம் இன்னும் இறங்கும். கை, கால், வயிற்றுத் தசைகளை முறுக்கி, முகம் சூடாவதுபோல் தெரியும்வரை 10, 15 விநாடி பிடியுங்கள். அரை நிமிடம் விடுங்கள். இப்படி ஐந்து தடவை. ஸ்வீடனைச் சேர்ந்த உளவியலாளர் லார்ஸ் கோரான் ஓஸ்ட் உருவாக்கிய முறை இது. ஒரு வாரம் ஊசி போடாத நேரங்களில் பழகிவிட்டு, பிறகு ஊசி போடுவதற்குச் சற்று முன் செய்யுங்கள். குத்தும் இடத்தை மட்டும் இறுக்காமல் விடுங்கள், இறுகிய தசையில் வலிக்கும். முதல் சில நாள் கட்டிலில் சாய்ந்துகொண்டே போடலாம், விழ வழியில்லை.

நரம்புல பட்டுட்டா என்ன ஆகும்?

நரம்பு என்று நாம் பாதி நேரம் சொல்வது ரத்தக்குழாயை. தொப்புளைச் சுற்றி இரண்டு விரல்கடை விட்டுவிட்டு வயிற்றின் இரண்டு பக்கம், தொடையின் முன்பக்கம் வெளிப்புறமாக, மேல்கையின் பின்புறம், புட்டத்தின் மேற்பகுதி. இந்த இடங்களைத் தேர்ந்தெடுத்ததே அங்கே பெரிய குழாயோ முக்கிய நரம்போ தோலுக்கு அடியில் இல்லை என்பதால்தான். 4 மி.மீ. போகும் ஊசி அங்கே எதையும் கெடுத்துவிடாது. தனியாகப் போடுகிறவர்களுக்கு வயிறும் தொடையும் வசதி.

உள்ள காத்து போயிட்டா செத்துருவாங்கன்னு சினிமால காட்டுறாங்களே?

அது ரத்தக்குழாய்க்குள் நிறையக் காற்று போனால். இங்கே போவது கொழுப்புக்குள்; குமிழ் தானாகக் கரைந்துவிடும். காற்றால் வரும் ஒரே நஷ்டம், அந்த அளவுக்கு மருந்து குறைந்துவிடும் என்பது. அதற்காகத்தான் ஒவ்வொரு தடவையும் பேனாவை நிமிர்த்திப் பிடித்து 2 யூனிட் வெளியே விடச் சொல்கிறோம். முனையில் ஒரு சொட்டு தெரிந்தால் சரி. மருந்து வீணாகிறதே என்று இதை விட்டுவிடுகிறவர்கள் நிறைய.

என் வீட்டுக்காரரே போட்டுவிடுறாரு. இதுவே போதாதா?

கை நடுக்கம், கண் பார்வைக் குறைவு என்றால் கண்டிப்பாக வேறு ஆள்தான் போடவேண்டும். மற்றபடி எனக்கு இதில் ஒப்புதல் இல்லை. அவர் நைட் ஷிப்ட் போனால் சாப்பாடு தள்ளிப்போகும், ஊருக்குப் போனால் இரண்டு நாள் டோஸ் போகும். மருமகளிடம் கேட்கக் கூச்சப்பட்டுக்கொண்டு இராத்திரி ஊசியை விட்டுவிட்ட அம்மாக்களை எனக்குத் தெரியும். இன்னொன்று, யாரோ குத்தும்போது எப்போது குத்துவார் என்று தெரியாது. நீங்களே போட்டால் அந்த நொடி உங்கள் கையில். வாரத்தில் இரண்டு நாள் நீங்கள் போடுங்கள், அவர் பக்கத்தில் இருக்கட்டும்.

கவர்மென்ட் ஆஸ்பத்திரியில பாட்டில் குடுத்தாங்க, மச்சான் வெளியூர்ல இருந்து சிரிஞ்சு வாங்கிட்டு வந்தார். போட்டுக்கலாமா?

நிறுத்துங்கள். இந்தக் கேள்விக்கு மட்டும் நீங்கள் பயப்பட்டுத்தான் ஆகவேண்டும். நம் ஊரில் கிடைக்கும் சாதாரண இன்சுலின் பாட்டில் பெரும்பாலும் 1 மி.லி.க்கு 40 யூனிட். அதற்கு சிவப்பு மூடி போட்ட, 40 என்று அச்சடித்த சிரிஞ்சு. பெரும்பாலான பேனா மருந்தும் சில பாட்டில்களும் 1 மி.லி.க்கு 100 யூனிட். அதற்கான சிரிஞ்சுக்கு ஆரஞ்சு மூடி. 100 பாட்டிலிலிருந்து 40 சிரிஞ்சில் எடுத்தால் இரண்டரை மடங்கு மருந்து உள்ளே போகும். மாற்றிச் செய்தால் பாதிகூடப் போகாது. பேனாவின் குப்பியிலிருந்து சிரிஞ்சால் உறிஞ்சி எடுக்கவும் கூடாது.

மூடியின் நிறத்தை மட்டும் நம்பாமல் பாட்டிலில் உள்ள எண்ணையும் சிரிஞ்சில் உள்ள எண்ணையும் ஒத்துப் பாருங்கள். சிரிஞ்சின் ஊசி பேனா ஊசியைவிட நீளம், பெரும்பாலும் 6 அல்லது 8 மி.மீ. ஆகவே தோலை இரண்டு விரலால் மடித்துப் பிடித்துப் போடவேண்டும். 4 மி.மீ. பேனா ஊசிக்குப் பெரியவர்கள் மடிக்கத் தேவையில்லை; நேராகக் குத்தினால் போதும். மிக ஒல்லியானவர்களும் குழந்தைகளும் மடிக்கலாம்.

போட்ட பிறகு லோ சுகர் ஆகி, தூக்கத்துலயே போயிருவேனோன்னு பயமா இருக்கு.

நியாயமான பயம். அதனால் இதைத் தட்டிக்கழிக்காமல் ஏற்பாட்டோடு இருக்கவேண்டும். 70-க்குக் கீழே போனால் லோ. வியர்வை, கை நடுக்கம், திடீர்ப் பசி, காரணமில்லாத எரிச்சல். உடனே மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கிக் குடியுங்கள். சுமார் 15 கிராம். 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். ஏறவில்லை என்றால் இன்னொரு தடவை. ஏறியதும் இரண்டு இட்லியோ, ஒரு டம்ளர் பாலோ. சாக்லேட் வேண்டாம், அதிலுள்ள கொழுப்பு சர்க்கரை ஏறுவதைத் தாமதமாக்கும்.

நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், புரையேறிவிடும். ஒருக்களித்துப் படுக்கவைத்து 108-ஐக் கூப்பிடுங்கள். இதைப் போட்டுக்கொள்கிறவருக்கு இல்லை, வீட்டில் இருப்பவர்களுக்குச் சொல்லிக்கொடுங்கள். இரவில் அடிக்கடி இறங்குகிறது என்றால் நீங்களாக ஊசியை நிறுத்தாமல் குறித்துவைத்து டாக்டரிடம் காட்டுங்கள், அளவை மாற்றுவார்.

எடுத்ததும் ஒரு சொட்டு ரத்தம் வருது. சில நாள் மருந்தே வெளிய வருது. தப்பாப் போட்டேனா?

ரத்தம் ஒரு சொட்டு வருவது சகஜம். பஞ்சால் அழுத்துங்கள், தேய்க்காதீர்கள். நீலம் பாரித்தாலும் சில நாளில் போய்விடும்.

மருந்து வருவது அவசரத்தால். பொத்தானை முழுக்க அழுத்திய பிறகு பத்து எண்ணும்வரை ஊசி உள்ளேயே இருக்கவேண்டும். பயந்தவர்கள் குத்திய வேகத்தில் உருவிவிடுவார்கள். வெளியே வந்த சொட்டுக்காக இன்னொரு ஊசி போடவேண்டாம்.

ஸ்பிரிட் வெச்சுத் துடைச்சாதான் எரியுது. துடைக்காம போட்டா சீழ் பிடிக்குமா?

குளித்த சுத்தமான தோல் என்றால் ஸ்பிரிட் தேவையில்லை. கையைச் சோப்புப் போட்டுக் கழுவினால் போதும். துடைத்தே ஆகவேண்டும் என்றால் நன்றாகக் காயவிட்டுக் குத்துங்கள். ஈரத்தோடு குத்துவதுதான் எரிகிறது. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த சில்லென்ற மருந்தும் எரியும்.

தொப்புளுக்கு வலப்பக்கம் ஒரு இடம் இருக்கு, அங்க போட்டா வலியே இல்ல. அங்கயே போடலாம்ல?

எனக்குப் பிடிக்காத நல்ல செய்தி இது. சட்டையைத் தூக்கச் சொல்லிப் பார்த்தால் அங்கே ஒரு சிறு பன் மாதிரி மேடு இருக்கும். ஒரே இடத்தில் குத்திக் குத்திக் கொழுப்பு தடித்துவிட்டது. வலி தெரியாது, உண்மைதான்; மருந்தும் ஒழுங்காகச் சேராது. ஒரு நாள் 300, மறுநாள் 80 என்று ஆடும். அந்த இடத்தை மாதக்கணக்கில் சும்மா விடுங்கள். ஒவ்வொரு தடவையும் ஒரு விரல்கடை தள்ளி, வாரத்துக்கு ஒரு பக்கம் என்று மாற்றிப் போடுங்கள். தடித்த இடத்தை விட்டு நல்ல தோலுக்கு மாறும்போது அதே யூனிட் வேகமாக வேலை செய்து லோ ஆகலாம், எனவே டாக்டரிடம் சொல்லிவிட்டு மாறுங்கள்.

கல்யாண வீட்டுல எப்படிப் போடுறது? பாத்ரூம்ல போய்ப் போடவா?

பாத்ரூம் வேண்டாம், அழுக்கு. மணமகள் அறை, காருக்குள், ஒரு மூலை நாற்காலி, எங்கு வேண்டுமானாலும். பேனாவை வெளியே எடுத்தால் நாலு பேர் பார்ப்பார்கள். பார்க்கட்டும். அதில் இரண்டு பேர் "நீங்க எந்த மருந்து?" என்று கேட்டுக்கொண்டு பக்கத்தில் உட்காருவார்கள். சேலைக்கு மேலேயே குத்துவது மட்டும் வேண்டாம்.

கவனிக்கவேண்டியது பந்தி. அரைமணி முன்னால் போடவேண்டிய வகை மருந்தைப் போட்டுவிட்டுப் பந்திக்குப் போனால், மாப்பிள்ளை வீட்டார் முதல் பந்தி என்று உங்களை எழுப்பிவிடுவார்கள். அங்கேதான் லோ ஆகும். வேகமாக வேலை செய்யும் வகை என்றால் இலை போட்ட பிறகு போடலாம். உங்களுடையது எந்த வகை என்று இப்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு ஊசிய எத்தனை நாள் ஓட்டலாம்? அப்புறம் எங்க போடுறது?

பெட்டியில் எழுதியிருப்பது ஒரு தடவைதான். அதுதான் சரி. விலை காரணமாகப் பலர் திரும்பப் பயன்படுத்துகிறார்கள் என்று எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே ஒன்று சொல்கிறேன். முனை மழுங்கும், வலிக்கும், மேலே சொன்ன மேடும் சீக்கிரம் வரும். ஊசிப் பயம் உள்ளவர் பழைய ஊசியால் மிச்சம் பிடிப்பது வீண். எப்படியானாலும் இன்னொருவரோடு ஊசியையோ பேனாவையோ பகிரவே கூடாது, கணவன் மனைவியாக இருந்தாலும். ஊசியை மாட்டியபடியே பேனாவை வைத்தால் மருந்து கசியும், காற்று ஏறும்.

கழற்றியதைக் குப்பையில் அப்படியே போட்டால் தூய்மைப் பணியாளர் கையில் குத்தும். கெட்டியான பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு, நிறைந்ததும் இறுக மூடி, வாங்கிக்கொள்ளும் ஆஸ்பத்திரியிலோ லேபிலோ கொடுங்கள்.

எங்க வீட்டுல ஃபிரிட்ஜ் இல்ல. சித்திரை வெயில்ல மருந்து கெட்டுடுமா?

திறக்காதது 2 முதல் 8 டிகிரியில் இருக்கவேண்டும். ஃபிரீசரில் உறைந்துவிட்டால் உருக்கிப் போடக்கூடாது, தூக்கி எறியவேண்டியதுதான். பயன்பாட்டில் இருப்பது வீட்டு நிழலில் பெரும்பாலும் நான்கு வாரம் தாங்கும், மருந்துப் பெட்டிக்குள் இருக்கும் காகிதத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் நம் ஊர் வெயில் வீட்டுக்குள்ளேயே 35-ஐத் தாண்டும். பெரிய மண்பானையில் ஈரமணல், அதன்மேல் சின்னப் பானை, அதற்குள் மருந்து. மணலுக்கு தினம் தண்ணீர். வெளியைவிடப் பல டிகிரி குறைவாக இருக்கும். பைக் பெட்டியிலும் காரிலும் விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

பால் போன்ற கலங்கல் வகையைப் போடுமுன் உள்ளங்கைகளுக்கு நடுவே பத்துத் தடவை உருட்டி, பத்துத் தடவை கவிழ்த்து நிமிர்த்துங்கள். குலுக்கவேண்டாம். தெளிவாக இருக்கவேண்டிய வகை கலங்கியிருந்தால் போடாதீர்கள்.

பையனுக்கு ஏழு வயசு. ஊசின்னாலே கட்டிலுக்கு அடியில போய் ஒளிஞ்சுக்கிறான். ரெண்டு பேரா அமுக்கிப் பிடிச்சுப் போடுறோம்.

அமுக்காதீர்கள். ஒவ்வொரு அமுக்கலும் அடுத்த தடவையைக் கடினமாக்கும். "வலிக்கவே வலிக்காது" என்ற பொய்யும் வேண்டாம். ஒரு தடவைதான் நம்புவான். அவனுக்குத் தேர்வு செய்ய ஏதாவது கொடுங்கள்: இன்று தொடையா, வயிறா? நீ எண்ணுகிறாயா, நான் எண்ணட்டுமா? போடலாமா வேண்டாமா என்பது மட்டும் அவன் தேர்வு இல்லை. எல்லாம் தயாரான பிறகு கூப்பிட்டு, மடியில் வைத்துக் கட்டிப்பிடித்தபடி, அவனுக்குப் பிடித்த கார்ட்டூனைக் காட்டிப் போடுங்கள். ஊசி மாட்டுவதை அவன் முன்னால் பத்து நிமிடம் செய்யாதீர்கள். யூனிட் எண்ணைத் திருப்புவது, பத்து எண்ணுவது அவன் வேலையாகட்டும், நீங்கள் சரிபாருங்கள். என்னிடம் வந்த ஒரு சிறுமி முதலில் பொம்மைக்குப் போட்டாள், பிறகு அப்பாவுக்கு வெறும் ஊசி. அப்பா கத்தினார். அவள் சிரித்துவிட்டுக் காலை நீட்டினாள்.

போட்டேனா இல்லையான்னு மறந்துபோச்சு. இன்னொரு தடவை போட்டுக்கவா?

வேண்டாம். ஒரு வேளை விட்டால் சுகர் ஏறும், பார்த்துச் சரிசெய்யலாம். இரண்டு தடவை போனால் லோ. சுகரைப் பாருங்கள், டாக்டருக்குப் போன் செய்யுங்கள். இனிமேல் சுவர்க் காலண்டரில் போட்ட கையோடு ஒரு டிக்.

எனக்கு இன்சுலின் இல்ல. ஆபரேஷனுக்கப்புறம் ரத்தம் உறையாம இருக்க வயித்துல போடுற ஊசி குடுத்திருக்காங்க. இதே மாதிரிதானா?

பயத்துக்குச் சொன்னது எல்லாம் பொருந்தும், முறை கொஞ்சம் வேறு. மருந்து நிரப்பியே வரும் அந்த ஈனாக்ஸாபரின் சிரிஞ்சில் உள்ள குமிழை, முழு டோஸும் போடுவதாக இருந்தால், வெளியேற்றக் கூடாது. தோலை மடித்துப் பிடித்து, ஊசியை எடுக்கும்வரை மடிப்பை விடக்கூடாது. பிறகு தேய்க்கவே கூடாது, தேய்த்தால் பெரிதாக நீலம் பாரிக்கும். உள்ளே போகும்போது இன்சுலினைவிட எரியும். அது மருந்தின் குணம்.

எட்டு வருஷமா நானே போடுறேன். போன மாசத்துல இருந்து திடீர்னு கை நடுங்குது. ஏன் சிஸ்டர்?

இதைக் கேட்டவர் ஒரு பஸ் டிரைவர். சொல்லவே கூச்சப்பட்டார். நான் திருப்பிக் கேட்டேன், போன மாதம் என்ன நடந்தது? கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னார்: டிப்போவில் லோ ஆகி உட்கார்ந்துவிட்டாராம், தண்ணீர் தெளித்து எழுப்பினார்களாம். கை நடுங்கியது ஊசிக்காக இல்லை, அந்த மத்தியானத்துக்காக.

இப்படித் திரும்பிவரும் பயத்துக்குப் பெரும்பாலும் ஒரு காரணம் இருக்கும்: ஒரு லோ, தடித்த இடத்தில் குத்தி வந்த வலி, மாறிய ஊசி கம்பெனி, வீட்டில் யாருக்காவது கால் எடுத்தது. அதைக் கண்டுபிடித்து அதற்கு வைத்தியம் பார்க்கவேண்டும். அவருக்கு டாக்டர் காலை டோஸைக் குறைத்தார். நான் ஆரஞ்சு வாங்கிவரச் சொன்னேன். "இந்த வயசுல மறுபடி ஆரஞ்சா?" என்று சிரித்தார். கிலோ வாங்கி வந்து, ஒன்றைக் குத்திவிட்டு, மிச்சத்தை டிப்போவில் கொடுத்துவிட்டார்.